வீட்டில் இருந்தே புதிய கோள் தேடலாம்... ஆனால் ‘கண்டுபிடிச்சாச்சு’ என்று எப்போது சொல்லலாம்? நுங்கம்பாக்கம் முதல் நாசா வரை

சொந்தமாக ஆய்வகம் கிடையாது. விண்வெளி நிறுவனத்தில் வேலை கிடையாது. கையில் இருந்தது ஒரு கம்ப்யூட்டரும் இன்டர்நெட் கனெக்‌ஷனும்தான். அதை வைத்தே, ஒரு இளம் நட்சத்திரத்தின் பக்கத்தில் யார் கண்ணிலும் படாமல் இருந்த கோள் போன்ற ஒரு பொருளைப் பொதுமக்கள் கண்டறிந்தார்கள். 2021-ல் விஞ்ஞானிகள் அதை உறுதி செய்து ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார்கள்.

இதற்கு 166 வருஷம் முன்பே, ‘வேறொரு நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் கோள் இருக்கிறது’ என்று ஒருவர் அறிவித்தார். அறிவிப்பு வந்த இடம் லண்டனோ பாரிஸோ கிடையாது, நம்ம நுங்கம்பாக்கம். ஆனால் அந்தக் கோள் இன்றுவரை யார் கையிலும் சிக்கவில்லை.

ஒன்று நிலைத்தது, இன்னொன்று நிலைக்கவில்லை. ஏன்?

2021-ல் கிடைத்தது என்ன?

அதன் பெயர் பி.டி. பிளஸ் 60 1417 பி. பெயரைப் பார்த்து பயப்பட வேண்டாம். ‘பி.டி. பிளஸ் 60 1417’ என்பது நட்சத்திரத்தின் பட்டியல் எண். கடைசியில் வரும் ‘பி’ என்ற எழுத்துதான் அதன் துணைப் பொருளைக் குறிக்கிறது.

பூமியிலிருந்து சுமார் 145 ஒளியாண்டு தூரம். அதாவது அங்கிருந்து கிளம்பிய ஒளி நம்மை வந்து சேர 145 வருஷம் ஆகும். நம்ம வியாழனைப் போல சுமார் 15 மடங்கு நிறை. நட்சத்திரத்தில் இருந்து அது இருக்கும் தூரம்தான் ஆச்சரியம். சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப் போல 1,600 மடங்குக்கும் மேல். நெப்டியூன் சூரியனிலிருந்து வெறும் 30 மடங்கு தூரத்தில்தான் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதைத் தேடிப் பிடித்தது ‘பேக்யார்ட் வேர்ல்ட்ஸ்: பிளானட் 9’ என்ற திட்டம். நாசா ஆதரவுடன் 2017 பிப்ரவரி 15-ல் தொடங்கியது. பெயரில் இருக்கும் ஒன்பதாவது கோள் இன்னும் கிடைக்கவில்லை. தேடப் போன இடத்தில் வேறு பல கிடைத்தன.

அது கோள்தானா?

இங்கேதான் கொஞ்சம் சிக்கல். வியாழனைப் போல சுமார் 13 மடங்கு நிறை வரை கோள் என்பது பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. அதற்கு மேலே போனால் உள்ளே டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் எரியத் தொடங்கும். அப்படிப்பட்டவற்றை ‘பழுப்புக் குள்ளன்’ என்பார்கள். முழு நட்சத்திரமாக ஆகவும் முடியாமல், கோள் என்றும் சொல்ல முடியாமல் நடுவில் நிற்பவை.

நம்ம பி.டி. பிளஸ் 60 1417 பி-யின் நிறை 15 மடங்கு. அதிலும் 5 மடங்கு வரை கூடலாம், குறையலாம். கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் விஞ்ஞானிகள் ‘கோள் அளவு நிறை கொண்ட துணை’ என்று பார்த்துப் பார்த்து வார்த்தை போடுகிறார்கள். தலைப்பில் ‘புதிய கோள்’ என்று போட்டால் நிறைய பேர் க்ளிக் செய்வார்கள்தான். ஆனால் அது அரை உண்மை.

இளம் நட்சத்திரங்களைத் தேடுவது ஏன்?

கோள்களுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது என்று பள்ளியில் படித்திருப்போம். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அது சரி. ஆனால் புதிதாகப் பிறந்த கோள் கொதிக்கக் கொதிக்க இருக்கும். வாயுவும் தூசியும் சுருங்கிச் சேரும்போது உண்டான சூடு அது. அடுப்பில் இருந்து இறக்கிய தோசைக்கல் போல, தொட்டால் சுடும், ஆனால் ஒளிராது. அந்தச் சூட்டை அகச்சிவப்புக் கேமரா பார்க்கும்.

வயது ஏற ஏற கோள் ஆறிவிடும். நம்ம சூரியனுக்கு வயது சுமார் 460 கோடி ஆண்டுகள். பி.டி. பிளஸ் 60 1417 நட்சத்திரத்தின் வயது 5 கோடி முதல் 15 கோடி ஆண்டுகளுக்குள்தான். மனுஷக் கணக்கில் கைக்குழந்தை. அதன் துணை இன்னும் 1,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக இருக்கிறது. சூடு இருக்கும்போதே பிடித்தால்தான் உண்டு.

கம்ப்யூட்டர் இருக்க மனுஷக் கண் எதுக்கு?

நியாயமான கேள்விதான். பதில் அந்தப் படங்களிலேயே இருக்கிறது.

2009 டிசம்பரில் நாசா அனுப்பிய ‘வைஸ்’ என்ற தொலைநோக்கிதான் இதற்கு மூலம். அதன் கண்ணாடி 40 சென்டிமீட்டர் அகலம்தான். ஆனால் மொத்த வானத்தையும் அகச்சிவப்பில் திரும்பத் திரும்பப் படமெடுத்தது. நடுவில் இரண்டரை வருஷம் தூங்க வைத்து, 2013-ல் எழுப்பி, 2024 வரை வேலை வாங்கினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் அது வளிமண்டலத்தில் எரிந்து போனது. எடுத்த படங்கள் பத்திரமாக இருக்கின்றன.

ஒரே இடத்தின் படங்களை வருஷ வரிசைப்படி அடுக்கி, சின்னக் குழந்தைகளின் ஃப்ளிப் புக் மாதிரி ஓட்டிக் காட்டுவார்கள். தூரத்து நட்சத்திரங்கள் அசையாமல் நிற்கும். நமக்குப் பக்கத்தில் இருக்கும் பொருள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறும். பஸ் ஜன்னலில் தூரத்து மலை நிற்க, பக்கத்து மரம் ஓடுமே, அதே கதை. நகரும் அந்தப் புள்ளியைப் பிடிப்பதுதான் வேலை.

கேட்க ஈஸி. ஆனால் படம் முழுக்க குப்பை இருக்கும். பிரகாசமான நட்சத்திரத்தைச் சுற்றி குச்சி குச்சியாக ஒளிக்கீற்று, கேமரா கண்ணாடிக்குள் எதிரொலித்த ‘பேய் உருவம்’, காஸ்மிக் கதிர் பட்ட வெள்ளைப் பொட்டு என்று பலதும் மினுக்கும். சாஃப்ட்வேரை ரொம்ப உஷாராக வைத்தால் இவை எல்லாவற்றையும் ‘கோள், கோள்’ என்று கூவும். கண்டிப்பாக வைத்தால் உண்மையானதையும் சேர்த்துக் கழித்துவிடும். அதிலும் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் மங்கலாக ஒட்டிக்கொண்டிருக்கும் துணைப் பொருளை விட்டுவிட நிறைய வாய்ப்பு.

மனுஷக் கண்ணுக்கு இதில் ஒரு பழக்கம் இருக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் தெரிந்த முகத்தைப் பிடித்துவிடும் கண் அது. நூறு படம் பார்த்த பிறகு எது பேய், எது நிஜம் என்று சொல்லத் தெரியாமலே தெரிந்துவிடும்.

தொடங்கிய ஆறாவது நாளே முதல் பலன் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஒரு அறிவியல் ஆசிரியர் மங்கலான ஒரு புள்ளி நகர்வதைக் கவனித்துச் சொன்னார். வெவ்வேறு இடங்களில் இருந்த மேலும் மூன்று பேரும் அதையே குறித்திருந்தார்கள். 100 ஒளியாண்டுக்கும் சற்று அதிகமான தூரத்தில் உள்ள ஒரு பழுப்புக் குள்ளன் அது. 2020-க்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதில் சேர்ந்துவிட்டார்கள். அந்த ஆண்டு ஒரே மூச்சில் 95 புதிய பழுப்புக் குள்ளன்களை அறிவித்தார்கள்.

டிவி நிகழ்ச்சி பார்த்தவர்கள் பிடித்த கோள்கள்

டிவி சேனல் என்பதால் எங்களுக்கு இதைச் சொல்வதில் தனி சந்தோஷம். 2017 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் ஏ.பி.சி. சேனலில் ‘ஸ்டார்கேஸிங் லைவ்’ என்ற நேரலை மூன்று இரவுகள் ஓடியது. கெப்ளர் தொலைநோக்கி சேகரித்த தகவல்களை அப்படியே நேயர்கள் முன் வைத்து, ‘நீங்களே தேடுங்கள்’ என்றார்கள். 48 மணி நேரத்தில் 10,000-க்கும் மேற்பட்டோர் களமிறங்கினார்கள்.

இங்கே தேடும் முறை வேறு. கோள் தன் நட்சத்திரத்தின் குறுக்கே போகும்போது வெளிச்சம் துளியூண்டு குறையும். வியாழன் அளவுக் கோள் சூரியனை மறைத்தால் 1 சதவீதம் குறையும். பூமி அளவு என்றால் 0.01 சதவீதம்கூட இல்லை. வரைபடத்தில் அந்தப் பள்ளத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நிகழ்ச்சி முடிவதற்குள் 4 கோள்கள் கொண்ட குடும்பம் ஒன்று கிடைத்தது. பிறகு உட்கார்ந்து ஆராய்ந்ததில் 5 கோள்கள் என்று தெரிந்தது. கே2-138 என்று பெயர். 2018 ஜனவரியில் முறைப்படி அறிவித்தார்கள்.

நேரலையில் கிடைத்ததை முறைப்படி அறிவிக்க ஒன்பது மாதம் ஆகியிருக்கிறது. அந்த ஒன்பது மாதம் ஏன் தேவைப்பட்டது என்பதை நுங்கம்பாக்கம் கதை சொல்லும்.

1855, நுங்கம்பாக்கம்: அவசரப்பட்டாரா ஜேக்கப்?

புயல் சின்னம் உருவானால் ரிப்போர்ட்டர்கள் மைக்கோடு போய் நிற்கும் கல்லூரி சாலை வானிலை மையம் எல்லோருக்கும் தெரியும். அதே வளாகத்தில் ஒரு பெரிய கருங்கல் தூண் நிற்கிறது. 1792-ல் கிழக்கிந்திய கம்பெனி கட்டிய மெட்ராஸ் வானாய்வகத்தின் எச்சம் அது. தூணில் தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள்.

1840-களின் கடைசியில் இந்த வானாய்வகப் பொறுப்பை ஏற்றவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். அவர் கவனித்தது ‘70 ஒபியூக்கி’ என்ற இரட்டை நட்சத்திரத்தை. நம்மிடமிருந்து சுமார் 17 ஒளியாண்டு தூரம், வான் கணக்கில் பக்கத்து வீடு. இரண்டு நட்சத்திரங்களும் ஒன்றையொன்று சுற்ற சுமார் 88 ஆண்டுகள் ஆகும்.

இரண்டும் எந்தப் பாதையில் சுற்ற வேண்டும் என்று நியூட்டன் விதிப்படி கணக்குப் போடலாம். ஜேக்கப் கணக்குப் போட்டார். நிஜத்தில் பார்த்த இடமும் கணக்கில் வந்த இடமும் பொருந்தவில்லை. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் ஒரு ஒழுங்கோடு இருப்பதாக அவருக்குப் பட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் இழுப்பதால் இப்படி நடக்கிறது என்றார். ராயல் வானியல் கழகத்தின் இதழில் 1855-ல் இது வெளிவந்தது.

அவர் ஒன்றும் அரைகுறை ஆள் இல்லை. நெப்டியூனையும் இதே வழியில்தான் கண்டுபிடித்திருந்தார்கள். யுரேனஸின் பாதை பிசகுவதை வைத்துக் கணக்குப் போட்டு, 1846-ல் கணக்குச் சொன்ன இடத்திலேயே புதுக் கோள் இருந்தது. உலகமே கைதட்டி ஒன்பது வருஷம்தான் ஆகியிருந்தது. அதே சூத்திரத்தை இன்னொரு நட்சத்திரத்துக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார் ஜேக்கப். ‘நிச்சயம்’ என்றுகூட அவர் சொல்லவில்லை. ‘இருக்க நிறைய வாய்ப்பு’ என்ற அளவில்தான் நிறுத்தினார்.

அப்புறம் எங்கே தவறியது?

70 ஒபியூக்கி இரட்டை நட்சத்திரம் என்று வில்லியம் ஹெர்ஷல் கண்டது 1779-ல். ஜேக்கப் எழுதும்போது 76 வருஷம் ஆகியிருந்தது. 88 வருஷச் சுற்று ஒரு தடவைகூட முழுசாக முடியவில்லை. அந்த 76 வருஷ அளவீடுகளும் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு தொலைநோக்கியில் கண்ணை வைத்து எடுத்தவை. ஒவ்வொருவர் கைக்கும் ஒரு பிசகு உண்டு. கோள் இழுப்பதாகத் தெரிந்த அந்த ஆட்டம், அளந்தவர்களின் கைப்பிசகு என்ற முடிவுக்குத்தான் பிற்காலத்தில் வந்து சேர்ந்தார்கள்.

அதோடு முடியவில்லை. 1890-களில் அமெரிக்காவின் தாமஸ் சீ என்பவர் அதே நட்சத்திரத்துக்கு மறைவான துணை இருக்கிறது என்று மறுபடி கிளப்பினார். 1899-ல் ஃபாரஸ்ட் மோல்ட்டன் என்ற வானியலாளர் கணக்குப் போட்டு, சீ சொன்ன மாதிரி ஒரு அமைப்பு நிலைத்து நிற்கவே முடியாது, சிதறிவிடும் என்று காட்டினார். அதன் பிறகு 1943-லும் ஒரு குழு அதே நட்சத்திரத்தில் கோள் என்று சொல்லி, அதுவும் நிற்கவில்லை. துல்லியமான நவீன கருவிகளிலும் அப்படி ஒரு கோள் சிக்கவில்லை.

சூரியனைப் போன்ற வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள் உறுதியானது 1995-ல்தான். ஜேக்கப்புக்கு 140 வருஷம் கழித்து. தேடியது சரி, தேடிய வழியும் சரி, கையில் இருந்த அளவுகோல்தான் பத்தவில்லை என்பதுதான் இதைப் படித்தபோது எனக்குப் பட்டது.

இப்போது எப்படிச் சரிபார்க்கிறார்கள்?

பி.டி. பிளஸ் 60 1417 பி விஷயத்தில் நடந்ததையே பார்ப்போம். படத்தில் ஒரு சிவந்த புள்ளி நகர்வதைத் தன்னார்வலர்கள் குறித்தார்கள். அது வெறும் தொடக்கம்.

அடுத்து, அந்தப் புள்ளியும் பக்கத்து நட்சத்திரமும் ஒரே திசையில், ஒரே வேகத்தில் போகின்றனவா என்று பார்த்தார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் இரண்டு வண்டி பக்கத்தில் போனால் இரண்டும் ஒரே வீட்டு வண்டி என்று சொல்லிவிட முடியாது. செங்கல்பட்டு தாண்டியும், திண்டிவனம் தாண்டியும் சேர்ந்தே போனால் சந்தேகம் வலுக்கும். வானத்திலும் அப்படித்தான். தற்செயலாக ஒரே நேர்க்கோட்டில் தெரியும் இரண்டு அந்நியர்களா, நிஜமாகவே சொந்தமா என்று பிரித்துச் சொல்வது இந்த அளவீடுதான்.

பிறகு பெரிய தொலைநோக்கியில் அந்தப் புள்ளியின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஈர்ப்பு குறைவான, இன்னும் முழுசாகச் சுருங்காத இளம் பொருளுக்குரிய அடையாளங்கள் அதில் தெரிந்தன. நட்சத்திரத்தின் வயதைத் தனியாகக் கணக்கிட்டார்கள். வயது தெரிந்தால்தான் சூட்டை வைத்து நிறை சொல்ல முடியும். நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜாக்கி ஃபாஹர்ட்டி தலைமையில் கட்டுரை வெளிவந்தது. ஆசிரியர் பட்டியலில் தன்னார்வலரின் பெயரும் இருந்தது.

1855-ல் ஒரே வகை அளவீடு. 2021-ல் ஒன்றையொன்று நம்பியிருக்காத நாலைந்து சோதனைகள். ஒன்று தவறினாலும் இன்னொன்று காட்டிக்கொடுத்திருக்கும்.

நம்ம நாட்டிலும் இப்படிச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. ராஜஸ்தானின் மவுண்ட் அபுவில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம் 2.5 மீட்டர் தொலைநோக்கியில் ‘பாரஸ்-2’ என்ற கருவியை வைத்து, கோள் இழுப்பதால் நட்சத்திரம் லேசாக ஆடுவதை அளக்கிறது. ரேடியோ வானியலில் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தேட வைக்கும் ‘ரேட் அட் ஹோம்’ 2013 முதல் இந்தியாவிலேயே நடக்கிறது. அது கோள் தேடும் திட்டம் இல்லை, கேலக்ஸிகளைத் தேடுவது.

ஊரப்பாக்கத்தில் இருந்து செய்யலாமா?

தாராளமாக. சொல்லப்போனால் ஊரப்பாக்கத்துக்கு இதுதான் ஒரே வழி. கிளாம்பாக்கம் பஸ் டெர்மினஸ் விளக்குகளும் ஜி.எஸ்.டி. ரோட்டு வெளிச்சமும் சேர்ந்து ராத்திரி வானத்தையே வெளுத்துவிட்டன. இந்தத் தேடலுக்கு வானம் தெரிய வேண்டும் என்ற அவசியமே இல்லை. படம் ஏற்கெனவே விண்வெளியில் எடுத்தாகிவிட்டது.

‘ஜூனிவர்ஸ்’ என்ற தளத்தில் பேக்யார்ட் வேர்ல்ட்ஸ், பிளானட் ஹன்டர்ஸ் டெஸ் போன்ற திட்டங்கள் இருக்கின்றன. கட்டணம் எதுவும் கிடையாது. பதிவு செய்யாமலும் படங்களைப் பார்த்துக் குறிக்கலாம். ஆனால் பின்னால் உங்கள் பெயருக்குக் கணக்கு வர வேண்டும் என்றால் பதிவு செய்துவிடுங்கள். மொபைலிலும் திறக்கும், ஆனாலும் மங்கலான புள்ளிகளைப் பார்க்க லேப்டாப் திரை உத்தமம். லோக்கல் ட்ரெய்னில் நின்றுகொண்டே பார்த்தால் பேயும் தெரியாது, கோளும் தெரியாது. விளக்கங்கள் ஆங்கிலத்தில் இருப்பது ஒரு தடைதான். பயிற்சிப் படங்களை நாலு தடவை ஓட்டிப் பார்த்தால் பாதி புரிந்துவிடும்.

ஏதாவது நகர்வது போலத் தெரிந்தால், முதலில் அது ஏற்கெனவே தெரிந்த பொருளா என்று ‘சிம்பாட்’ என்ற இலவசத் தகவல் தளத்தில் தேடிப் பார்க்க வேண்டும். பத்தில் ஒன்பது தடவை யாரோ முன்பே பிடித்ததாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அதில் இல்லை என்றால் விஞ்ஞானிகள் குழுவுக்கு அனுப்பலாம்.

சர்டிஃபிகேட் வந்தால் கண்டுபிடிப்பா?

‘மாணவர் சாதனை, புதிய விண்கல் கண்டுபிடிப்பு’ என்று சான்றிதழோடு போட்டோ அடிக்கடி வரும். பிள்ளைகளின் உழைப்பு நிஜம். ஆனால் சான்றிதழில் ‘முதற்கட்டக் கண்டறிதல்’ என்று இருந்தால், ‘இங்கே ஏதோ தெரிகிறது, இனிமேல்தான் பார்க்க வேண்டும்’ என்று அர்த்தம். சிறுகோள் ஒன்றுக்கு நிரந்தர எண் கிடைக்கவே பல வருஷ அவதானிப்பு தேவைப்படும். கோள்களிலும் ‘வேட்பாளர்’ நிலை, ‘உறுதியானது’ நிலை என்று இரண்டு படி உண்டு. நாசா பட்டியலில் உறுதியான புறக்கோள்களின் எண்ணிக்கை 2025 செப்டம்பரில் 6,000-ஐத் தொட்டது. உறுதியாகக் காத்திருப்பவை இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

இன்னொன்று. ‘நட்சத்திரத்துக்கு உங்கள் காதலி பெயர் வைக்கிறோம்’ என்று பணம் கேட்கும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். சர்வதேச வானியல் ஒன்றியம் பெயர்களை விற்பதில்லை. 2019-ல் அது நடத்திய பொதுப் போட்டியில் இந்தியாவுக்கு ஒரு நட்சத்திரமும் அதன் கோளும் கிடைத்தன. நட்சத்திரத்துக்கு இயற்பியலாளர் பிபா சௌத்ரியின் நினைவாக ‘பிபா’, கோளுக்கு ‘சந்தமஸ’ என்று பெயர் வைத்தார்கள். காசு கொடுத்து வாங்கியது இல்லை.

ஜேக்கப் பார்த்த நட்சத்திரத்தை நாமும் பார்க்கலாமா?

பார்க்கலாம். 70 ஒபியூக்கி வெறும் கண்ணுக்கே மங்கலாகத் தெரியும் நட்சத்திரம். விருச்சிகத்துக்கு வடக்கே, ஆடி மாதம் இரவு 10 மணி வாக்கில் நமக்குக் கிட்டத்தட்ட தலைக்கு மேலே வரும். ஊரப்பாக்கம் மொட்டை மாடியில் கஷ்டம். மாமல்லபுரம் தாண்டி சதுரங்கப்பட்டினம் பக்கம் ஈ.சி.ஆரில் இருட்டான இடமாகப் பார்த்து நின்றால், மேகம் விட்டால், வாய்ப்பு உண்டு. இரண்டு நட்சத்திரங்களையும் தனித்தனியாகப் பார்க்க மட்டும் ஒரு சின்ன டெலஸ்கோப் வேண்டும்.